சிறிய இணையத்தளத்துக்கு நம்பகமான இடம்

தமிழகத்தை விட்டு வெளியே குடியேறிய நம்மவர், சென்ற இடமெல்லாம் முதலில் செய்துகொண்ட ஏற்பாடுகள் சில உண்டு. சங்கம் ஒன்று அமைத்தனர். கோயில் ஒன்று எழுப்பினர். பிள்ளைகள் தாய்மொழி பயில வகுப்பு ஒன்று தொடங்கினர். அந்தமான் நிக்கோபார்த் தீவுகளிலும் இவ்வாறே நடந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மக்கள்தொகை ஏறத்தாழ 3,80,000. அவர்களுள் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் தமிழைத் தாய்மொழியாக உடையவர். போர்ட் பிளேர் என்று நாம் நெடுங்காலம் அழைத்துவந்த தலைநகர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பூண்டுள்ளது. அந்நகரின் வெற்றிமலை முருகன் கோயிலையும் தமிழர் சங்கத்தையும் அறியாத தமிழர் இத்தீவுகளில் அரியர்.

இக்காலத்தில் அவ்வேற்பாடுகளோடு மற்றொன்றும் சேர்ந்துகொண்டது. அதுவே இணையத்தளம். திருவிழா நிகழ்ச்சி நிரலை உறவினர் அறியச் செய்யவும், சங்கத்தின் பழைய புகைப்படங்களைப் பேணவும், சுவராஜ் தீவில் நாலு அறை கொண்ட விடுதி நடத்துபவர் தம் விடுதிக்கு ஆள் சேர்க்கவும் ஒரு சிறிய தளம் போதும். ஆனால் அத்தளத்தை எங்கே வைப்பது, யாரை நம்பி வைப்பது என்பதில் பலரும் இடர்ப்படுகின்றனர். அது குறித்தே இன்று சில செய்திகளைக் கூற எண்ணுகிறோம். தீவுகளை முன்னிறுத்திப் பேசினும், மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர்க்கும் இவை பொருந்தும்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஓர் இணையத்தளம் என்பது எழுத்தும் படமும் அடங்கிய கோப்புகளின் தொகுதி. இரவும் பகலும் ஓயாது இயங்கும் கணினி ஒன்றில் அக்கோப்புகள் இருத்தல் வேண்டும். உலகின் எம்மூலையிலிருந்து எவர் கேட்பினும் அவற்றை எடுத்து வழங்குவதே அக்கணினியின் பணி. அதனைச் சர்வர் என்கிறோம். சர்வரில் நமக்கென்று ஓர் இடத்தை வாடகைக்குத் தருவதையே வெப் ஹோஸ்டிங் என்பர். வாடகைக்குத் தரும் நிறுவனத்தை நாம் இடமளிப்போர் என்று அழைப்போம்.

தளத்துக்கு இடம் மட்டும் போதாது, பெயரும் வேண்டும். டாட் காம் என்றோ டாட் இன் என்றோ முடியும் அப்பெயரை டொமைன் என்பர். பெயரும் இடமும் வெவ்வேறு பொருள்கள். வீடு வேறு, வீட்டு முகவரி வேறு என்பது போன்றதே இது. வீட்டை மாற்றினாலும் முகவரியை உடன் எடுத்துச் செல்லலாம் என்பதே இணையத்தில் உள்ள சிறப்பு. ஆனால் அந்த முகவரி நம் உடைமையாக இருந்தால்தான் அது கைகூடும். இவ்வொரு செய்தியை நேயர்கள் உளங்கொண்டால், இப்பேச்சின் பாதி நோக்கம் நிறைவேறியதாகக் கருதுவோம்.

இத்தீவுகளில் இணையம் வந்த வரலாற்றையும் சிறிது நோக்க வேண்டும். நெடுங்காலம் தீவுகளின் இணையத் தொடர்பு செயற்கைக்கோளையே பெரிதும் சார்ந்திருந்தது. அவ்வகைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பது. நம் கேள்வி மேலே சென்று கீழிறங்க வேண்டும். அதற்குரிய விடையும் அவ்வாறே மேலே சென்று கீழிறங்க வேண்டும். ஒளியின் வேகத்தில் சென்றாலும் இப்பயணத்துக்கு ஏறக்குறைய அரை நொடி ஆகும். ஒரு பக்கம் திறப்பதற்குள் இத்தகைய பயணம் நாலைந்து முறை நிகழ்வதுண்டு. ஆகவே காத்திருத்தல் இங்கு எவர்க்கும் பழகிப்போன ஒன்றாயிருந்தது.

2018 டிசம்பர் 30ஆம் நாள் சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கேபிளுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் அது நாட்டுக்கு அளிக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமும் 1,224 கோடி ரூபாய்ச் செலவும் கொண்ட திட்டம் அது. ஸ்ரீ விஜயபுரத்தோடு சுவராஜ் தீவு, ரங்கத், லாங் தீவு, சிறிய அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் ஆகிய இடங்களையும் அது தொட்டுச் செல்கிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆதலின் சென்னைக்குச் சென்று மீள்வதற்கு ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே போதும். கப்பலில் மூன்று நாளாகும் வழியைச் செய்தி கண்ணிமைப்பதற்குள் கடந்துவிடுகிறது.

இதனால் இடமளிப்போரைத் தேர்வதில் ஒரு நெறி கிடைக்கிறது. நம் தளத்தைப் பார்ப்போர் யாவர் என்பதை முதலில் எண்ண வேண்டும். அவர்கள் தீவிலும் சென்னையிலும் மதுரையிலும் இருப்போரானால், சர்வர் இந்தியாவுக்குள், சென்னையிலோ மும்பையிலோ இருப்பது நன்று. அமெரிக்காவில் இருக்கும் சர்வருக்குச் செய்தி போய் மீளக் கால் நொடி அளவு ஆகும். பக்கத்துக்கு நாலைந்து பயணம் என்று வைத்தால், அது பார்ப்போர் உணரத்தக்க தாமதமே. விடுதிக்கு வருவோர் ஐரோப்பியரே மிகுதி எனின், நிலைமை வேறு. ஆதலின், “உங்கள் சர்வர் எந்த நகரில் உள்ளது?” என்பது நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி. தெளிவான விடை தராத நிறுவனத்தை விட்டு அகல்வதே தக்கது.

அடுத்து, இடமளிப்போர் தரும் உறுதிமொழிகளை எடைபோட வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது விழுக்காடு நேரம் தளம் இயங்கும் என்று ஒருவர் சொன்னால் அது பெரியதாகத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால், ஆண்டில் மூன்று நாளும் பதினைந்து மணி நேரத்துக்கு மேலும் தளம் மூடிக்கிடக்கலாம் என்பதே அதன் பொருள். 99.9 விழுக்காடு எனின் ஆண்டில் ஏறத்தாழ எட்டே முக்கால் மணி நேரம். 99.99 எனின் 52 நிமிடம். சிறு தளத்துக்கு இவற்றுள் நடுவண் உள்ளதே போதும். தைப்பூச நாளன்று காலையில் அந்த எட்டே முக்கால் மணி நேரமும் ஒருங்கே வந்துவிடின் என் செய்வது என்று கேட்கலாம். உறுதி தவறினால் என்ன தருவீர்கள் என்பதை ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அந்த மாத வாடகையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வர், அவ்வளவே. மாதம் இருநூறு ரூபாய் வாடகைக்கு அது தேநீர்ச் செலவுக்குத்தான் ஆகும். நாம் இழந்த விருந்தினரை அது திருப்பித் தராது. ஆதலின் உறுதிமொழியின் எண்ணைவிட, நிறுவனத்தின் நடத்தையே பெரிதாகக் கொள்ளத்தக்கது.

நடத்தையை அறிவது எங்ஙனம்? வள்ளுவர் பொருட்பாலில் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ஆராயாமல் நம்புவதும் துன்பம். ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதும் துன்பம் என்பது அவர் கருத்து. அரசன் அமைச்சரைத் தேர்வதற்குச் சொன்ன இந்நெறி, நாம் இடமளிப்போரைத் தேர்வதற்கும் பொருந்தும்.

இணையத்தில் ‘சிறந்த பத்து நிறுவனங்கள்’ என்னும் தலைப்பில் பட்டியல்கள் பல காணலாம். அவற்றுள் பல, நாம் அவற்றின் வழியாகச் சென்று வாங்கினால் தரகு பெறுபவை. தரகு மிகுதியாகத் தருவோர் பட்டியலின் முதலிடத்துக்கு வருவது வியப்பன்று. வேறொன்றும் உண்டு. வெவ்வேறு பெயரில் விற்கும் நிறுவனங்கள் சில ஒரே குழுமத்துக்கு உரியவை. ப்ளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர் ஆகிய இரண்டும் நியூஃபோல்டு டிஜிட்டல் என்னும் ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை என்பதை ஓர் எடுத்துக்காட்டாகக் கூறலாம். இதில் குற்றம் ஒன்றுமில்லை. ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறும்போது, உண்மையில் மாறினோமா என்று அறிந்துகொள்வதற்காகவே இதனைச் சொன்னோம்.

பட்டியலைவிட நல்ல சோதனை நம் கையிலேயே உள்ளது. பணம் செலுத்துமுன், ஞாயிற்றுக்கிழமை இரவில் ஒரு கேள்வியை அந்நிறுவனத்துக்கு எழுதி அனுப்புவோம். “எங்கள் தளத்தின் காப்பு நகலை நாங்களே இறக்கிக்கொள்ள இயலுமா? எவ்வாறு?” என்று கேட்போம். எத்தனை மணி நேரத்தில் விடை வருகிறது, விடை நம் கேள்விக்கு உரியதா, அன்றி எல்லார்க்கும் அனுப்பும் அச்சுக்கடிதமா என்று பார்ப்போம். வாங்குமுன் விடை தராதவர் வாங்கியபின் தருவார் என்று எதிர்பார்க்க இயலாது. பின்னர் ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டிப் பார்க்கலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நம் தளம் இயங்குகிறதா என்று பார்த்து, நின்றுவிட்டால் மின்னஞ்சல் அனுப்பும் சேவைகள் உள்ளன. அவற்றுள் சில கட்டணமின்றியும் கிடைக்கும். ஒரு மாதக் குறிப்பு நூறு விளம்பரங்களைவிட மேலானது.

இனி விலைக்கு வருவோம். முதலாண்டு விலையைக் கண்டு மயங்குவது பொதுவான இயல்பு. மாதம் ஐம்பது அறுபது ரூபாய் என்று பெரிய எழுத்தில் காட்டுவர். அது மூன்றாண்டுக்கோ நான்காண்டுக்கோ மொத்தமாகக் கட்டினால்தான் என்பதையும், புதுப்பிக்கும்போது விலை இரண்டு மூன்று மடங்காகும் என்பதையும் சிறிய எழுத்தில் எழுதியிருப்பர். விலைக்குமேல் 18 விழுக்காடு சரக்கு சேவை வரியும் உண்டு. ஆகவே ஐந்தாண்டுக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தபின் ஒப்பிடுவதே முறை. ‘வரம்பற்ற இடம்’ என்பதையும் சொல்லுக்குச் சொல் நம்புதல் கூடாது. இடத்துக்கு வரம்பில்லை என்று சொல்பவர், கோப்புகளின் எண்ணிக்கைக்கும் சர்வரின் உழைப்பைப் பயன்படுத்தும் அளவுக்கும் வரம்பு வைத்திருப்பர். சிறு சங்கத்தின் தளத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும்? எழுத்துகளும் அளவாகச் சுருக்கிய சில நூறு படங்களும் ஒரு ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். தேவையை அளந்து வாங்குவோர்க்கு வரம்பின்மையால் ஆவது ஒன்றுமில்லை.

தளத்துக்கும் பார்ப்போர்க்கும் இடையே செல்லும் செய்தியை மறைத்துக் காக்கும் சான்றிதழுக்குத் தனிப் பணம் கேட்போரும் உளர். லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் பொதுநல அமைப்பு 2015 முதல் அச்சான்றிதழைக் கட்டணமின்றி வழங்கிவருகிறது. நல்ல இடமளிப்போர் அதனைத் தாமே பொருத்தி, காலந்தோறும் தாமே புதுப்பித்துவிடுவர். சிறு தளத்தாரிடம் இதற்கெனப் பெருந்தொகை கேட்கும் நிறுவனத்தைப் பற்றி இருமுறை எண்ண வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரியது காப்பு நகல். நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். ஓலைச்சுவடி நெடுநாள் நில்லாது என்பதால் தலைமுறைதோறும் ஏடு பார்த்து ஏடு எழுதினர். அவ்வாறு படியெடுத்தவையே நம் கைக்கு வந்தன. எடுக்காதவை செல்லுக்கும் தீக்கும் நீருக்கும் இரையாயின. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறிடத்தில் படி இருந்த நூலை மீண்டும் வாங்கி அடுக்கலாம். ஒரே படியாக இருந்த சுவடியை எங்குப் போய்த் தேடுவது?

இக்காலத் தரவு மையங்களுக்கும் இக்கேடு நேர்ந்ததுண்டு. 2021 மார்ச்சு 10ஆம் நாள் பிரான்சு நாட்டின் ஸ்திராஸ்பூர் நகரில், ஐரோப்பாவின் பெரிய இடமளிப்போருள் ஒன்றாகிய ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் தீக்கிரையாயிற்று. லட்சக்கணக்கான தளங்கள் நின்றன. வேறிடத்தில் நகல் வைத்திருந்தோர் சில நாளில் மீண்டனர். காப்பு நகலுக்குத் தனிப் பணம் கட்டியிருந்த சிலர், அந்நகலும் அசலும் அருகருகே இருந்தமையால் இரண்டையும் இழந்தனர். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையம் ஒன்றில் தீப்பற்றியது. அரசு ஊழியரின் கோப்புகளைத் தாங்கிய சேமிப்பு அமைப்பு ஒன்று, வெளியே நகலின்றி அழிந்தது. பெரிய அரசுக்கே இது நேருமெனின், நம் போன்றோர் எச்சரிக்கையாயிருத்தல் கடனன்றோ?

தீவில் வாழ்வோர்க்கு இதனை விரித்துச் சொல்லத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, மனித உயிரும் வீடும் போனதோடு பள்ளிச் சான்றிதழும் திருமணப் படமும் நிலப் பத்திரமும் பல குடும்பங்களில் கடலோடு சென்றன. ஆகவே வீட்டுக் கணினியில் மட்டும் நகல் வைத்திருப்பதும் காவலன்று. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியதையும் மறந்துவிடலாகாது. ஆதலின் சென்னையில் மட்டும் வைத்திருப்பதும் காவலன்று. நகல் மூன்று இருத்தல் நன்று. சர்வரில் இருப்பது ஒன்று. நம் கையில் வன்தட்டிலோ பென் டிரைவிலோ இருப்பது மற்றொன்று. வேறு ஊரில், வேறு நிறுவனத்திடமோ நம்பிக்கைக்குரிய உறவினரிடமோ இருப்பது மூன்றாவது. இடமளிப்போர் நாள்தோறும் தாமே நகல் எடுப்பதாகச் சொன்னாலும், மாதம் ஒருமுறை நாமே ஒன்றை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அந்நகலைத் திறந்து பார்த்தல் வேண்டும். திறவாத நகல், பூட்டியே கிடக்கும் பத்தாயத்தை ஒத்தது; உள்ளே நெல் உள்ளதா, எலி உள்ளதா என்பது திறந்தால்தான் தெரியும்.

இலவசமாக இடம் தருவோர் பற்றியும் ஒரு சொல். 1990களில் ஜியோசிட்டீஸ் என்னும் சேவை கோடிக்கணக்கானோர் அறிந்த ஒன்று. யாஹூ நிறுவனம் 1999இல் அதனை வாங்கிற்று. 2009 அக்டோபரில் மூடிற்று. தன்னார்வலர் சிலர் முயன்று காத்தவை தவிர, ஏனைய பக்கங்கள் மறைந்தன. அண்மையிலும் ஒன்று நிகழ்ந்தது. கூகுள் நிறுவனம் சிறு கடைகளுக்கும் விடுதிகளுக்கும் கட்டணமின்றி ஒற்றைப் பக்கத் தளம் அமைத்துத் தந்துவந்தது. 2024 மார்ச்சு மாதம் அச்சேவையை நிறுத்திவிட்டது. விலாச அட்டையிலும் பெயர்ப்பலகையிலும் அம்முகவரியை அச்சிட்டிருந்த சிறு வணிகர்க்கு அந்த அட்டைகள் பயனற்றுப் போயின. இலவசம் தீது என்பது எம் கருத்தன்று. இலவச இடத்திலும் சொந்தப் பெயரோடு குடியிருந்தால், இடம் மூடினாலும் பெயரை எடுத்துக்கொண்டு வேறிடம் செல்லலாம். பெயரும் அவருடையது, இடமும் அவருடையது என்ற நிலையில்தான் தீங்கு.

இப்போது பெயரின் உரிமைக்கு வருவோம். சிறு தளங்கள் பெரும்பாலும் சர்வர் கெட்டு அழிவதில்லை. பெயர் கைவிட்டுப் போய் அழிகின்றன. ஒரு சங்கம் தளம் அமைக்க எண்ணுகிறது என்று வைத்துக்கொள்வோம். கணினி அறிந்த இளைஞர் ஒருவர் முன்வருகிறார். தம் பெயரில், தம் மின்னஞ்சலில், தம் கைப்பேசி எண்ணில், தம் வங்கி அட்டையில் எல்லாவற்றையும் பதிவு செய்து தருகிறார். நல்லெண்ணத்தோடு செய்த உதவிதான். ஈராண்டில் அவருக்குப் பெங்களூரில் வேலை கிடைக்கிறது. தீவை விட்டுச் செல்கிறார். கைப்பேசி எண்ணும் மாறுகிறது. புதுப்பிக்கச் சொல்லும் கடிதங்கள் எவரும் திறவாத அஞ்சல் பெட்டிக்கு வந்து குவிகின்றன. ஒரு நாள் காலையில் தளத்தைத் திறந்தால், அங்கே எவருடைய விளம்பரமோ இருக்கிறது.

டாட் காம் போன்ற பெயர்கள் காலாவதியானபின், பதிவு செய்த நிறுவனம் வழக்கமாகச் சில வாரம் பொறுத்திருக்கும். அதன்பின் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அக்காலத்தில் மீட்க, வழக்கமான கட்டணத்துக்கு மேல் பல மடங்கு கேட்பர். அதுவும் கடந்தால் ஐந்து நாளில் பெயர் சந்தைக்கு வந்துவிடும். பழைய பெயர்களைப் பிடிப்பதற்கென்றே காத்திருக்கும் வணிகர் உலகெங்கும் உளர். பத்தாண்டு முயன்று சேர்த்த நற்பெயரை அவர்கள் ஒரு நொடியில் எடுத்துக்கொள்வர்.

இதனைத் தவிர்ப்பது அரிதன்று. பெயர் சங்கத்தின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். மின்னஞ்சல் தனியொருவருடையதாய் இராமல் சங்கத்துக்கெனத் தொடங்கியதாயிருக்க வேண்டும். அந்த மின்னஞ்சல் அதே டொமைனைச் சார்ந்ததாயிருத்தல் கூடாது. பெயர் போனால் கடிதமும் உடன் போய்விடும். கடவுச்சொல்லைச் செயலாளரும் பொருளாளரும் ஆகிய இருவர் அறிந்திருக்க வேண்டும். சரிபார்ப்பு எண் ஒரே ஒருவருடைய கைப்பேசிக்கு மட்டும் வருவதாயின், அவர் கப்பலில் மூன்று நாள் தொடர்பின்றி இருக்கும்போது யாது செய்வது என்பதையும் முன்கூட்டியே எண்ண வேண்டும். பெயரைப் பத்தாண்டு வரை ஒருங்கே பதிவு செய்துகொள்ளலாம். ஆண்டுப் பொதுக்குழுவில் வரவு செலவு படிக்கும்போது, “டொமைன் இன்ன தேதிவரை செல்லும்” என்று ஒரு வரி சேர்த்துப் படிப்பது நல்ல வழக்கம்.

டாட் இன் பெயர்களை 2003இல் தொடங்கிய இந்திய தேசிய இணையப் பரிமாற்றகம் நிர்வகிக்கிறது. அது அங்கீகரித்த பதிவாளர் நிறுவனங்கள் வழியே பெயர் பெறலாம். தமிழ் எழுத்திலேயே அமைந்து ‘இந்தியா’ என முடியும் பெயரும் பெறலாம். அது நமக்குப் பெருமை தருவதே. எனினும் சில பழைய மின்னஞ்சல் நிரல்கள் அப்பெயரை இன்னும் ஏற்பதில்லை. ஆதலால் தமிழ்ப் பெயரோடு ரோமன் எழுத்துப் பெயர் ஒன்றையும் உடன் வைத்திருத்தல் பொருத்தம். பெயரை ஓரிடத்திலும் இடத்தை மற்றோரிடத்திலுமாகத் தனித்தனி நிறுவனங்களிடம் வாங்குவதில் சிறிது தொல்லை உண்டு. ஆனால் ஒருவரோடு பிணக்கு நேர்ந்தால் இரண்டும் ஒருங்கே முடங்கா என்னும் நன்மை அதனினும் பெரிது.

இவ்வளவும் சொன்னபின் ஒரு கேள்வி எஞ்சுகிறது. நம்பகமான இடமளிப்போர் யார் என்று ஒரு பெயரைச் சொல்லிவிடலாகாதா என்று நேயர்கள் நினைக்கலாம். இன்று நன்றாக நடக்கும் நிறுவனம் நாளை வேறொருவர் கைக்குப் போகலாம், விலை ஏறலாம், சேவை குன்றலாம். பெயர் சொல்வதால் பயனில்லை. அடையாளம் ஒன்று சொல்வோம். எவர் நாம் வெளியேறும் வழியைத் திறந்தே வைத்திருக்கிறாரோ அவரே நம்பத்தக்கவர். கோப்புகள் அனைத்தையும் ஒரே கட்டாக நாம் இறக்கிக்கொள்ள இயலுமா? டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதற்குரிய குறியீட்டைக் கேட்டவுடன் தருவாரா? டாட் காம் போன்றவற்றுக்கு, கேட்ட ஐந்து நாளுக்குள் அக்குறியீட்டைத் தர வேண்டும் என்பது உலகப் பொதுவிதி. அவர் தரும் தள அமைப்புக் கருவி பிறவிடத்திலும் இயங்குமா, அவரிடம் மட்டும் இயங்குமா? வேர்ட்பிரஸ் போன்ற பொது மென்பொருளில் அமைத்த தளத்தைப் பெரும்பாலும் எங்கும் பெயர்த்துச் செல்லலாம். நிறுவனத்தின் தனிக்கருவியில் அமைத்ததை அவ்வாறு செய்வது அரிது. போக விடுபவரிடம் இருப்பதற்கு அச்சமில்லை. போக விடாதவரிடம் வாடகை குறைவாயினும் அது குறைவன்று.

ஏமாற்றம் நேர்ந்தால் முறையிட இடம் உண்டு என்பதையும் அறிந்திருக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தாமே உழைத்துப் பிழைப்பு நடத்துவதற்காகச் சேவை பெற்றோரும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவர். அச்சட்டத்தின்படி, நிறுவனம் மும்பையில் இருப்பினும், நுகர்வோர் தாம் வாழும் மாவட்டத்திலேயே முறையிடலாம். கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. அதன்பொருட்டு ரசீதையும் ஒப்பந்தத்தையும் கடிதங்களையும் ஒரு கோப்பில் சேர்த்து வைப்பது அவசியம்.

இறுதியாகத் தீவு நேயர்களுக்கு ஒன்று. கேபிள் வந்தபின்னும் அது அறுபடும் நாளும், மின்சாரம் நிற்கும் நாளும், கைப்பேசியில் ஒற்றைக் கோடு மட்டும் தெரியும் ஊரும் இருக்கவே செய்யும். நம் தளத்தின் முகப்பில் பெரிய படங்களையும் ஓடும் காட்சிகளையும் அடுக்காமல், தொலைபேசி எண்ணும் வழியும் நாளும் நேரமும் முதலில் எழுத்தில் தெரியுமாறு அமைப்போம். எளிய பக்கம் மெல்லிய தொடர்பிலும் திறக்கும். எவ்வளவு சிறந்த சர்வரும் பளுவான பக்கத்தை விரைவாக்கித் தர இயலாது.

ஆகவே நேயர்களே, பெயரை நம் பெயரில் வைப்போம். நகலை நம் கையிலும் வைப்போம். இடத்தைச் சோதித்தபின் எடுப்போம். போகும் வழி திறந்திருக்கிறதா என்று பார்த்தபின் உள்ளே புகுவோம். கச்சாலில் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறியவரும், ரங்கத்திலும் மாயாபந்தரிலும் காடு திருத்தியவரும் தம் வரலாற்றைப் பெரும்பாலும் எழுதி வைக்கவில்லை. அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று அதனைப் படமாகவும் எழுத்தாகவும் சேர்க்கத் தொடங்கியுள்ளனர். ஓராண்டு வாடகை தவறியதால் அவ்வுழைப்பு மறைந்துபோகலாகாது. அடுத்த பொதுக்குழு கூடும் நாளுக்கு முன்பே, உங்கள் சங்கத்தின் தளப்பெயர் யார் பெயரில் உள்ளது என்பதை ஒருமுறை கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.